கொச்சுவைக் கண்காட்சிக்குத் தயார் செய்த 13 வாரம்

என் தையல் அளவு நோட்டில், ஜாக்கெட் சுடிதார் கணக்குகளுக்கு நடுவே ஒரு பக்கம் இருக்கிறது. ‘மார்பு 42, நீளம் 37’ என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு வரியாக இறங்கிக்கொண்டே போகும். துணி தைக்கக் கொடுக்க வந்த ஓர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, “மூன்று மாதத்தில் நாலு அங்குலம் பெருத்திருக்கிறாளே, யார் இவள்?” என்று கேட்டார். கொச்சு என்றேன். எங்கள் வீட்டுக் கிடேரிக் கன்று.

போன பிப்ரவரியில் எங்கள் பக்கத்தில் கால்நடை முகாம் நடந்தது. அதோடு சேர்த்துக் கன்று கண்காட்சியும் வைத்தார்கள். கொச்சு மூன்றாம் பரிசு வாங்கியது. முதல் பரிசு ஏன் தவறியது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். மூன்று மாதமாக என் கண் முன்னாலேயே கிடந்த தப்பு அது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வழியில் செய்த மற்றத் தப்புகளையும் விடாமல் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஒரு ஜெர்சி கலப்பினப் பசு, அதன் கன்று, வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்டில் கோ-5 என்ற தீவனப் புல். வீட்டுக்காரருக்குக் கொத்தனார் வேலை, எனக்குத் தையல். கன்று பிறந்தபோது ஆட்டுக்குட்டி போல இருந்தது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வாழ வந்த என் மாமியார் அதைப் பார்த்ததுமே ‘கொச்சு’ என்றார். மேற்கே சின்னதற்கெல்லாம் கொச்சுதான். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நவம்பர் முதல் வாரம் கோமாரித் தடுப்பூசி போட வந்தவர்கள்தான், பொங்கல் கழிந்து முகாம் இருக்கும், கிடேரியைக் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போது கொச்சுவுக்கு எட்டு மாதம். முடி சொரசொரவென்று நிற்கும். காதுக்குள் உண்ணி. கழுத்துக் கயிற்றைத் தவிர வேறு கயிறு அறியாது. தொழுத்தைத் தாண்டி அது பார்த்த உலகம் கிணற்றடி மட்டும். (தொழுவத்தை நாங்கள் தொழுத்து என்போம்.)

முதல் வேலையாக அளந்தேன். தையல் டேப்பு 60 அங்குலம். கன்றுக்குத் தாராளம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஓர் அளவு, தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரை ஓர் அளவு. மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். எல்லாமே அங்குலக் கணக்கு. 42-ஐ 42-ஆல், அதை 37-ஆல் பெருக்கி வகுத்தேன். 99 கிலோ. மனிதர்களை அளக்கும்போது செய்வதைத்தான் இங்கும் செய்ய வேண்டும்: டேப்பை இழுத்துப் பிடிக்கக் கூடாது, மூச்சு விடும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் தண்ணீர் காட்டுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் குடித்த பிறகு அளந்தால் ஒரே நாளில் கன்று வளர்ந்துவிட்ட மாதிரிக் காட்டும். இரண்டாம் வாரம் அப்படி ஏமாந்து சந்தோஷப்பட்டேன்.

அடுத்தது கயிறு. வீட்டில் கிடந்தது போதாதென்று 40 ரூபாய்க்கு நீல நைலான் கயிறு வாங்கி, முகத்தைச் சுற்றிக் கட்டினேன். இரண்டாம் நாள் காதுக்குப் பின்னால் தோல் சிவந்துவிட்டது. மூன்றாம் நாள் அதைவிட மோசம். கம்பத்தில் நான் போட்டிருந்தது சாதாரண முடிச்சு. ஏதோ மிரண்டு கன்று பின்னால் சாய்ந்து விழுந்துவிட்டது. விழுந்த பாரத்தில் முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. கன்றின் கண் பிதுங்குகிறது, நான் முடிச்சோடு மல்லுக்கட்டுகிறேன், நகம்தான் உடைகிறது. மாமியார் அரிவாள்மணையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடி வந்து கயிற்றை அறுத்தார். அன்றிலிருந்து, நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சைத் தவிர வேறெதுவும் போடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு போட வரும்வரை ஜன்னல் கம்பியில் போட்டுப் பழகினேன்.

நைலானைத் தூர எறிந்துவிட்டு, நானே தைத்தேன். பள்ளிக்கூடப் பைக்குத் தோள்பட்டை வைக்கிற ஒரு அங்குலப் பட்டை, மீட்டர் 15 ரூபாய், நாலு மீட்டர். இரும்பு வளையம் இரண்டு. மூக்குப் பட்டை, காதுக்குப் பின்னால் போகும் தலைப்பட்டை, இரண்டையும் வளையத்தில் சேர்த்தாயிற்று. தாடைக்குக் கீழே அந்த வளையங்கள் வழியாகப் பிடிகயிறு ஓடும். இழுத்தால் இறுகும், விட்டால் தளரும். மூக்குப் பட்டை கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில், எலும்பு மேல் உட்கார வேண்டும். கீழே இறங்கி மெத்தென்ற இடத்துக்கு வந்தால் மூச்சை அடைக்கும். தடித்த 18-ஆம் நம்பர் ஊசி போட்டுத்தான் தைத்தேன். அப்படியும் வளையத்தை ஒட்டி மடிப்பு வந்த இடத்தில் இரண்டு ஊசி போயிற்று. காதுக்குப் பின்னால் படும் பகுதிக்கு உள்ளே பழைய வேட்டித் துணியை மூன்று மடிப்பு வைத்துத் தைத்தேன். என் கையால் தைத்த உருப்படிகளில் திருத்தம் கேட்காத வாடிக்கையாளர் கொச்சு ஒருத்திதான்.

பட்டை பொருந்திவிட்டது. ஆனால் கன்று நடக்கவில்லை.

இரண்டாம் வாரம் முழுக்கக் கயிறு இழுக்கும் போட்டிதான். நான் இழுப்பேன். அது நாலு காலையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, பாறையாக நிற்கும். ஒரு நாள் முக்கால் மணி நேரம் இழுத்துக் கடைசியில் இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். கன்றுக்கு முன்னங்கால் முட்டியில் சிராய்ப்பு. எனக்கு உள்ளங்கையில் தோல் உரிந்து இரண்டு நாள் கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை.

எதிர்வீட்டுப் பாட்டா அந்தக் காலத்தில் உழவுமாடு வைத்திருந்தவர். டிராக்டர் வந்த பிறகும் கொஞ்ச வருடம் ஏரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாராம். நாங்கள் விழுந்ததைத் திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு மெல்ல நடந்து வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“மக்களே, நீ எப்போது கயிற்றை விடுகிறாய்?” என்று கேட்டார்.

“அது நடந்தால் விடுவேன் பாட்டா.”

“அது நடக்க நினைத்தபோதே நீ விட்டிருக்க வேண்டும்.”

கயிற்றை வாங்கிக்கொண்டார். இழுக்கவில்லை. கயிறு நேராக நிற்கும் அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போயிருக்கும். கொச்சு உடம்பின் பாரத்தை முன்னங்காலுக்கு மாற்றியது. கால் எடுத்து வைக்கவில்லை, பாரத்தைத்தான் மாற்றியது. அந்தக் கணமே பாட்டாவின் கை கீழே இறங்கிவிட்டது. கயிறு தொய்ந்தது. கொச்சு அவரைப் பார்த்தது. மறுபடி கயிறு நேரானது. இந்தத் தடவை அரை அடி எடுத்து வைத்தது. மறுபடி தொய்வு. பத்து நிமிடத்தில் ஏழு அடி நடந்தது. அவ்வளவுதான், இன்றைக்குப் போதும் என்று சொல்லிக் கயிற்றை என்னிடம் கொடுத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

நான் அதுவரை செய்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. கன்று ஓர் அடி வைத்தால், சரி, வழிக்கு வந்துவிட்டது என்று நான் இன்னும் பலமாக இழுத்துக்கொண்டிருந்தேன். அடி வைத்தாலும் இழுப்பு, வைக்காவிட்டாலும் இழுப்பு என்றால் அது ஏன் வைக்கும்?

மறுநாள் 11 அடி. ஆறாம் நாள் கிணற்றடியிலிருந்து வேலியோரத் தென்னை வரை, டேப்பு வைத்து அளந்தால் 22 மீட்டர், ஒரே நடை. தினமும் 15 நிமிடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. நன்றாக நடந்த இடத்திலேயே நிறுத்தி ஒரு பிடி தவிடு. தவிட்டை முன்னால் காட்டி நடக்க வைக்கலாமே என்று பையன் கேட்டான். செய்தும் பார்த்தோம். வாளி இருந்தால் ஓட்டம், வாளி இல்லாவிட்டால் பழைய பாறை. முடிந்த பிறகு கொடுத்தால்தான் சரிப்பட்டது.

நடை வந்த மகிழ்ச்சியில் அடுத்த முட்டாள்தனம். கன்று இன்னும் கொஞ்சம் சதை போட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அந்த வாரம் தெருவில் ஒரு கல்யாணம். மீந்த சோறு ஓர் அண்டா இருந்தது, மாடு வைத்திருக்கிறீர்களே என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பசுவுக்குக் கொஞ்சம், கன்றுக்கு ஒரு வாளி. கொச்சு ஆசையாகச் சாப்பிட்டது.

மறுநாள் காலை அசை போடவில்லை. காது தொங்கிக் கிடந்தது. சாணம் தண்ணீராகப் போயிற்று, கிட்டே போனால் புளித்த மாவு வாடை. இடது வயிற்றில் கை வைத்துக் குலுக்கினால் பாதி நிறைந்த குடம் போலத் தளும்பியது. கால்நடை மருத்துவரை அழைத்தோம். பார்த்ததும், “கல்யாணம் யார் வீட்டில்?” என்றுதான் கேட்டார். வெந்த சோறு மொத்தமாக உள்ளே போனால் வயிற்றுக்குள் புளித்து அமிலமாகிவிடும், மாடே செத்துப்போன வீடுகள் உண்டு என்றார். ஊசி போட்டார். சமையல் சோடாவை அவரே நிறுத்துக் கரைக்கச் சொன்னார். பாட்டிலை வாயின் ஓரமாக வைத்து, தலையை அதிகம் தூக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். மூன்று நாள் வைக்கோல் மட்டும். நான்காம் நாள் சாயங்காலம் படுத்துக்கொண்டு அசை போட ஆரம்பித்தது. அந்தத் தாடை ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தொழுத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தைக்க வேண்டிய இரண்டு ஜாக்கெட் அன்று அப்படியே கிடந்தது. அந்த வாரம் அளவு நோட்டில் மார்பு ஓர் அங்குலம் குறைந்திருக்கிறது. பக்கத்தில் ‘சோறு’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அதன் பிறகு தீவனத்தில் விளையாடவில்லை. அடர்தீவனம் நாளைக்கு ஒரு கிலோ இரண்டு வேளையாக, அதில் தாது உப்புக் கலவை 25 கிராம். நறுக்கிய கோ-5 புல், வேண்டிய மட்டும் வைக்கோல். குடற்புழு மருந்து கொடுத்த தேதியையும் தடுப்பூசித் தேதியையும் அதே நோட்டில் குறித்தேன். இது பின்னால் உதவியது.

டிசம்பரில் மழை கொஞ்சம் விட்டதும் தெருவில் இறக்கினோம். கன்று எதற்கெல்லாம் பயப்படும் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு மொத்தமும் தப்பு. பஸ்ஸுக்குப் பயப்படவில்லை. ரோட்டில் விழுந்திருந்த மின்கம்பத்து நிழலுக்குப் பயந்தது. அந்தக் கறுப்புக் கோட்டைத் தாண்ட நான்கு நாள் ஆயிற்று. சானலுக்கு (பாசனக் கால்வாயை நாங்கள் சானல் என்போம்) மேலே போட்டிருக்கும் சிமெண்டுப் பலகைகளுக்கு நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது, கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். அங்கே வந்தால் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே நிற்கும். நிற்கட்டும் என்று நானும் நின்றேன். முகர்ந்து முடித்தால் தானாகத் தாண்டும். முகரும்போது இழுத்தால் அன்றைய பாடம் போச்சு.

ஒலிபெருக்கிக்கு மட்டும் எனக்கு வேலையே இல்லை. மார்கழி மாதம் ஊர்க் கோயிலில் விடிவதற்கு முன்பே பாட்டுப் போடுவார்கள். முப்பது நாளும் தொழுத்துக்கு நேராகவே கட்டியிருந்தார்கள். முதல் இரண்டு நாள் கொச்சு நிலைகொள்ளாமல் தவித்தது. மாத முடிவில் அந்தச் சத்தத்திலேயே தூங்கியது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

ஒரு நாள் சானல் கரையில் ஒரு பெண்மணியோடு பேசிக்கொண்டே கயிற்றை அசட்டையாகப் பிடித்திருந்தேன். நாய் ஒன்று குறுக்கே ஓடியது. கயிறு கையை விட்டுப் போனது. நான் பாய்ந்து பிடித்தது வாலை. கன்று ஓட, நான் பின்னால் ஓட, செருப்பு ஒன்று வயலில். தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்குத்தானா என்று பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊரில் தும்பு என்றால் தேங்காய் நார் என்பதால், இந்தப் பழமொழி தேங்காய் உரிப்பவர்களுக்குச் சொன்னது என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். மாடு கட்டும் கயிறும் தும்புதான் என்பது அன்று உள்ளங்கையில் ஏறியது.

இனி முடி. முதலில் உண்ணியை ஒழிக்க வேண்டும். பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பங்கொட்டை, துளசி, உண்ணிச்செடி இலை இவை ஒவ்வொரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வடிகட்டி, துணியில் நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்தேன். காது மடலுக்குள்ளும் வால் அடியிலும் தொடை இடுக்கிலும் கூடுதல் கவனம். வாரம் ஒரு முறை. முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை, மூன்றாம் வாரம்தான் குறைந்தது. தொழுத்துச் சுவரின் வெடிப்புகளை வீட்டுக்காரர் சிமெண்டு வைத்துப் பூசிய பிறகுதான் உண்ணி அடியோடு நின்றது. கன்றைத் துடைத்துவிட்டு உண்ணி குடியிருக்கும் வெடிப்பை விட்டு வைத்தால் பயனில்லை.

தேய்ப்பதற்கு 90 ரூபாய்க்குப் பிளாஸ்டிக் பிரஷ் வாங்கினேன். அதைவிட நன்றாக வேலை செய்தது கதம்பைத் துண்டு, அதாவது தேங்காய் மட்டை. காய்ந்த கதம்பையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, நுனியைக் கல்லில் நசுக்கினால் தும்பு விரிந்து பிரஷ் ஆகிவிடும். காசு கிடையாது, வாரம் ஒன்று புதிது. காலையில் 15 நிமிடம், முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே, கழுத்திலிருந்து பின்னால் இழுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பழைய முடி கொத்துக் கொத்தாக வந்தது. அதற்கு அடியில் பளபளவென்று தேன் நிறம்.

மினுமினுப்பு இன்னும் சீக்கிரம் வரட்டும் என்று மாட்டுப் பொங்கல் அன்று தேங்காய் எண்ணெயை உடம்பு முழுக்கப் பூசினேன். ஒரு மணி நேரம் அம்மன் சிலை போல இருந்தது. பிறகு வெயில் ஏறியது, காற்று அடித்தது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை அறிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். தூசி, உமி, வைக்கோல் துணுக்கு எல்லாம் ஒட்டி, மாலையில் கொச்சு செம்மண் சுவர் போல நின்றது. சீயக்காய் போட்டு இரண்டு தடவை குளிப்பாட்டியும் முடிக்குள் பிசுக்கு போக ஒரு வாரம் ஆயிற்று.

கத்தரிக்கோல் கதை அதைவிட வயிற்றெரிச்சல். காது மடலின் நீட்டு முடியையும் வால் குஞ்சத்தின் நுனியையும் சீராக்க, அவசரத்துக்கு என் பத்து அங்குலத் துணிக் கத்தரிக்கோலை எடுத்தேன். கன்றின் முடிக்குள் மணல் இருக்கும் என்று யோசிக்கவில்லை. அடுத்த நாள் பட்டுத் துணியில் வைத்தால் கடிக்கிறது, வெட்டவில்லை. சாணை பிடிக்க 80 ரூபாய். தையல்காரி செய்யக் கூடிய பாவங்களில் இதற்கு மன்னிப்பே கிடையாது.

குளம்பு வேலை எளிதாகவே முடிந்தது. தினமும் தேய்த்து முடித்ததும் ஒவ்வொரு காலாகத் தடவி, இரண்டு விநாடி தூக்கிக் கீழே வைத்துப் பழக்கியிருந்தேன். ஜனவரியில் அரம் கொண்டு முன் நுனியின் பிசிறை மட்டும் வீட்டுக்காரர் ராவினார். நிற்கப் பழக்கியதுதான் நேரம் பிடித்தது. நடந்து வந்து நின்றதும் கொச்சு பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி, சலித்துப்போன பெரிய மனுஷி மாதிரி நிற்கும். மூங்கில் குச்சியின் நுனியால் குளம்பின் பின்பக்கம் மெதுவாகத் தொட்டால் காலை நகர்த்தும். சரியான இடத்துக்கு வந்ததும் குச்சியை எடுத்துவிட வேண்டும். இதுவும் பாட்டாவின் கயிறு மாதிரிதான். நாலு காலும் சதுரமாக, தலை நிமிர்ந்து மூன்று நிமிடம். பிப்ரவரி வந்தபோது ரேடியோ விளம்பரம் முடியும் வரை அசையாமல் நின்றது.

முகாமுக்கு முந்தின நாள் மதியமே சானலில் குளிப்பாட்டினோம். காலையில் குளிப்பாட்டினால் முடி ஈரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், காய நேரம் இருக்காது. ஆனால் இரவில் சாணத்தில் படுத்துவிட்டால் தொடையில் மஞ்சள் கறை ஏறிவிடும், அது லேசில் போகாது. அதற்காகப் பழைய பருத்திச் சேலையை இரட்டையாக மடித்து ஒரு போர்வை தைத்தேன். மார்புக்குக் கீழே ஒன்றும் பின்தொடையைச் சுற்றி ஒன்றுமாக நாடா. வால் குஞ்சத்துக்குத் தனியாக ஒரு சின்னப் பை, சுருக்கு நாடாவோடு. படுக்கைக்கு, வைக்கோல் போரில் மீதி இருந்த போன கும்பப்பூ வைக்கோல். (எங்கள் பக்கம் நெல்லில் முதல் போகம் கன்னிப்பூ, இரண்டாம் போகம் கும்பப்பூ.) கன்னிப்பூ அறுவடை மழையோடு மாரடிப்பது. அந்த வைக்கோல் கறுத்து முடை அடிக்கும். கும்பப்பூ வைக்கோல்தான் பொன் மாதிரிக் காய்ந்திருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் போர்வை கோணலாகிக் கிடந்தது, வால் பையைக் காணவில்லை. பசு அதை மென்றுகொண்டிருந்தது. குஞ்சம் மட்டும் எப்படியோ சுத்தமாக இருந்தது.

கடைசி அளவு: மார்பு 46, நீளம் 40. கணக்குப் போட்டால் 128 கிலோ. 13 வாரத்தில் 29 கிலோ, நாளைக்கு 300 கிராமுக்குச் சற்று மேலே. சோறு தின்ற வாரத்தையும் சேர்த்துத்தான்.

குட்டியானை வண்டி வாடகை, போக வர 800 ரூபாய். ஏற்றுவதற்குப் பலகை வைத்து இரண்டு நாள் பழக்கினோம். பலகை ஆடினால் ஏறாது. கடைசியில் ஓட்டுநர் தம்பிதான் வழி சொன்னார். சானல் கரை மேட்டுக்கு வண்டியைப் பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டித் தளமும் கரையும் ஒரே மட்டம். தளத்தில் மணல் பரப்பி, மேலே சாக்கு போட்டோம். சமதரையில் நடப்பது போல நடந்து ஏறிவிட்டது.

திடலில் பதினெட்டுக் கன்றுகள். ஒன்றுக்குத் தோவாளையிலிருந்து வாங்கிய சம்பங்கி மாலை, நெற்றியில் சந்தனம், கழுத்தில் பலூன். பலூன் வெடித்ததும் அது ஆளை இழுத்துக்கொண்டு பந்தலைச் சுற்றி ஓடியது. கொச்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கியதும் ஈரத் துணியால் மூக்கு, கண் ஓரம், காது துடைத்தேன். உள்ளங்கையில் நாலு சொட்டு எண்ணெய் தேய்த்து, கையை முதுகில் ஒரு முறை ஓட்டியதோடு சரி.

பரிசோதிக்க வந்த மருத்துவர் வயது கேட்டார், தாய்ப்பசு எத்தனை லிட்டர் கறக்கிறது என்று கேட்டார். குடற்புழு மருந்து கடைசியாக எப்போது என்றதும் அளவு நோட்டை நீட்டினேன். ஒரு பக்கம் புரட்டினார், ஜாக்கெட் அளவு வந்தது. இன்னொரு பக்கம் புரட்டினார், கொச்சு வந்தது. முழுவதும் படித்துவிட்டு ‘சோறு’ என்ற இடத்தில் விரலை வைத்துச் சிரித்தார். நடத்திக் காட்டினேன், அழகாக நடந்தது. நிறுத்தினேன், நாலு காலும் சதுரமாக நின்றது. இடது பக்கமிருந்து முதுகில் கை ஓட்டினார். பல் பார்த்தார். குனிந்து காம்பு நான்கும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் கொச்சு சிலை.

பிறகு அவர் கன்றின் பின்னால் சுற்றி வலது பக்கம் போய், விலாவில் கை வைத்தார். கொச்சு துள்ளியது. சும்மா விலகவில்லை, நாலு காலும் தரையை விட்டு எழும்பின. இறங்கிய கால் ஒன்று என் பாதத்தின் மேல். அவர் பொறுமையாக மறுபடி கை வைத்தார். மறுபடி துள்ளல். மூன்றாம் தடவை வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போய்விட்டார்.

மூன்றாம் பரிசு ஓர் எவர்சில்வர் வாளி. முதல் பரிசு வாங்கிய கன்று கொச்சுவைவிட எடை குறைவு என்று என் கண் சொன்னது. ஆனால் அதை ஒரு சின்னப் பெண் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள், யார் எந்தப் பக்கம் தொட்டாலும் அது அசை போட்டுக்கொண்டிருந்தது. முடிந்த பிறகு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். “கன்று நன்றாக இருக்கிறது அம்மா. வலது பக்கம் யாருமே தொட்டதில்லையோ?” என்றார்.

வீட்டுக்கு வந்து கன்றைக் கட்டினேன். கட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் உறைத்தது. கம்பம் வலது சுவரை ஒட்டி இருக்கிறது. பிறந்ததிலிருந்து கொச்சுவின் வலது பக்கம் சுவருக்கு. நான் தேய்த்தது, அளந்தது, கால் தூக்கியது, நடத்தியது எல்லாம் இடது பக்கம் நின்றுகொண்டு. வலது பக்கத்தை முதுகுக்கு மேலே சாய்ந்து எட்டித் தேய்த்திருக்கிறேன். சட்டையின் ஒரு கையை மட்டும் தைத்துவிட்டு, தைத்த பக்கத்தையே மூன்று மாதம் பார்த்துப் பார்த்து ரசித்திருக்கிறேன்.

செலவுக் கணக்கு இது. பட்டை 60, வளையம் 50, பருத்திப் பிடிகயிறு மூன்று மீட்டர் 75, வீணாய்ப் போன நைலான் 40, அரம் 160, பிரஷ் 90, சாணை 80, தாது உப்பு இரண்டு கிலோ 240, சீயக்காயும் மூலிகைச் சாமான்களும் 110, வண்டி 800. மொத்தம் 1,705 ரூபாய். வழக்கமான தீவனத்தை இதில் சேர்க்கவில்லை. உடைந்த இரண்டு ஊசியையும் போன செருப்பையும் சேர்க்க மனம் வரவில்லை.

அடுத்த தடவை பிரஷ் வாங்க மாட்டேன், கதம்பை போதும். கன்றுக்கென்று 30 ரூபாயில் ஒரு மட்டக் கத்தரிக்கோல் தனியாக. கயிறு மூன்றாம் மாதத்திலேயே ஆரம்பம், கன்று என்னைவிடப் பலசாலி ஆவதற்கு முன்பே. வால் பையைப் பசுவுக்கு எட்டாத கன்றுக்குத்தான் கட்ட வேண்டும், அல்லது பசுவை வேறு பக்கம் கட்ட வேண்டும்.

கம்பத்தை முகாம் முடிந்த மறுநாளே வீட்டுக்காரர் பிடுங்கித் தொழுத்தின் நடுவில் நட்டுவிட்டார். இப்போது காலையில் முதலில் வலது பக்கம். முதல் வாரம் நிழல் பட்டாலே விலகியது. கையை வைப்பேன், துள்ளாமல் நிற்கும் கணத்தில் எடுத்துவிடுவேன். நேற்று விலாவில் கை வைத்தபோது தோல் மட்டும் ஒரு முறை சிலிர்த்தது, கால் நகரவில்லை. என் பாதத்தில் கறுத்துப்போன நகம் பாதி வளர்ந்து வந்துவிட்டது. நோட்டில் எழுதினேன்: வலது, இரண்டு நிமிடம்.